குழாயை இழுக்க வேண்டாம்: கெடா தமிழ்ப்பள்ளி ரோபோட்டிக் கழக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்



கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங், கோல கெட்டில் என்று கெடா முழுக்கச் சனிக்கிழமை காலையில் ரோபோட்டிக் கழகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்காகக் காத்திருக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். அந்த வேலைக்குத் தனிச் சம்பளம் கிடையாது. பேட்டரி வாங்குவது பல நேரம் உங்கள் சொந்தக் காசில். போட்டிக்குக் கூட்டிப்போக வேன் பிடிப்பது, பெற்றோரிடம் ஒப்புதல் பாரம் வாங்குவது, மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் உங்கள் தலையில். இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை செய்கிறேன். ஓய்வு நாளில் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளோடு உட்காருவேன்.

எழுத வந்தது ஒரு சின்னப் பொருளைப் பற்றி. லெகோ டெக்னிக் காற்றழுத்தப் பெட்டியில் இருக்கும் அந்த ஒல்லியான ரப்பர் குழாய்.

பல பள்ளிகளில் பார்த்துவிட்டேன். மோட்டாரும் சென்சாரும் உள்ள பெட்டிகள் மேசைமேல் இருக்கும். மூடி கழன்று, மூலை தேய்ந்து, நன்றாகப் புழங்கியவை என்று பார்த்தாலே தெரியும். காற்றழுத்தப் பெட்டி மட்டும் அலமாரியின் அடித்தட்டில் புத்தம் புதிதாகக் கிடக்கும். கேட்டால் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான். குழாய் ரொம்ப இறுக்கம், பிள்ளைகளால் மாட்ட முடியவில்லை. மாட்டிவிட்டால் கழற்ற முடியவில்லை. ஒரு பையன் பல்லால் கடித்து இழுத்தான், சிலிண்டரில் குழாய் ஏறும் மூக்கு உடைந்துவிட்டது. அது விலை கூடிய சாமான், உதிரியாகவும் சுலபத்தில் கிடைக்காது. அதனால் பூட்டி வைத்துவிட்டோம்.

நீங்கள் பூட்டியதில் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதைத் திறக்கச் சொல்லித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில், அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். லெகோ நிறுவனம் தன் டெக்னிக் வரிசையில் காற்றழுத்தத்தைக் கொண்டுவந்தது 1984இல். கையால் அமுக்கும் ஒரு பம்பு, காற்று போகும் வழியை மாற்றும் ஒரு வால்வு, நீண்டு சுருங்கும் சிலிண்டர், இவற்றை இணைக்கும் குழாய். 1989இல் முறையை மாற்றி, இரண்டு மூக்குள்ள சிலிண்டரைக் கொடுத்தார்கள். ஒரு மூக்கில் காற்றை விட்டால் தண்டு நீளும், மற்றதில் விட்டால் சுருங்கும். பள்ளிகளுக்கென்று பிறகு வந்த 9641 எண் பெட்டியில் காற்றுத் தொட்டியும் அழுத்தமானியும்கூட உண்டு. நம் பள்ளிகளில் நான் பார்த்த பெட்டிகள் பெரும்பாலும் அதுதான்.

அந்த அழுத்தமானி ஒன்றுக்காகவே பெட்டியைத் திறக்கலாம். மோட்டார் சுற்றுவதைப் பிள்ளை பார்க்கிறது. ஏன் சுற்றுகிறது என்பது உள்ளே மறைந்திருக்கிறது. காற்றழுத்தத்தில் எல்லாமே வெளியே தெரியும். பிள்ளை பம்பை அமுக்குகிறது, முள் ஏறுகிறது, அமுக்க அமுக்கக் கை வலிக்கிறது, வால்வைத் திருப்பியதும் கை கொடுத்த உழைப்பு சிலிண்டரில் வேலையாக வெளிப்படுகிறது. நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு விசையையும் ஆற்றலையும் இதைவிட நேராகக் காட்டும் சாமான் எனக்குத் தெரியவில்லை. ஆறாம் ஆண்டுப் பிள்ளை கணக்கே போடலாம். சிலிண்டரின் உள் விட்டம் 12 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு 113 சதுர மி.மீ.; அழுத்தம் 2 பார் என்றால் தண்டு தள்ளும் விசை 2 கிலோ எடைக்குச் சற்றுமேல். விரல் தடிமனுக்கு ஒரு பிளாஸ்டிக் குழல் இரண்டு கிலோ அரிசிப் பையைத் தூக்கும் என்று முதலில் காகிதத்தில் கண்டுபிடித்துவிட்டு, பிறகு நிஜமாகவே தூக்கிப் பார்க்கிற பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

போட்டிகள் காற்றழுத்தத்தின் பக்கம் வருவதில்லை என்பது உண்மைதான். 2012இல் உலக ரோபோ ஒலிம்பியாட் கோலாலம்பூரிலேயே நடந்தது. அதற்கு முன்னும் பின்னும் நம் பள்ளிகளில் ரோபோட்டிக் என்றாலே கோட்டைத் தொடரும் வண்டி, நிறத்தைப் படிக்கும் சென்சார் என்று ஆகிவிட்டது. கிண்ணம் வாங்கித் தருவதைத்தான் பள்ளிகள் பயிற்சி செய்யும், அது இயல்பு. ஆனால் கிண்ணம் மூன்று பிள்ளைக்குக் கிடைக்கும். கழகத்துக்கு வருவது முப்பது பிள்ளைகள்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. காற்றழுத்தப் பெட்டியைத் திறந்துவைத்திருக்கும் பள்ளிகளிலும் ஒரு பழக்கத்தைப் பார்க்கிறேன். குழாய் மாட்டும் வேலை வந்ததும் குழுவில் உள்ள திடகாத்திரமான பையனிடம் அது போய்விடும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டுவான். அவனுக்கும் முடியாவிட்டால் ஆசிரியர் வாங்கிக்கொள்வார். பெண் பிள்ளைகளும் ஒல்லிப் பையன்களும் நோட்டில் படம் வரைந்துகொண்டு இருப்பார்கள். “உனக்குப் பலம் பத்தாது, நீ எழுது” என்று யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்றுதான் சொல்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை அதைக் கேட்டுக்கொள்கிறது. பொருளில் கை வைப்பது தன் வேலை இல்லை என்று பத்து வயதில் ஒரு பிள்ளை முடிவு கட்டிவிட்டால், பதினேழு வயதில் நீங்களும் நானும் போய்த் தொழிற்கல்வியைப் பற்றி எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் காதில் ஏறாது.

உண்மை என்னவென்றால், இந்த வேலைக்குப் பலமே தேவையில்லை. பலம்தான் இங்கே கெடுதல் செய்கிறது.

காரணம் இதுதான். குழாயின் வெளி விட்டம் ஏறக்குறைய 4 மி.மீ. அதன் உள்துளை, அது ஏறி உட்கார வேண்டிய மூக்கைவிடச் சிறியது. அப்படித்தான் இருக்க வேண்டும். விரிந்து ஏறிய ரப்பர் திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் விசைதான் காற்றைக் கசியவிடாமல் பிடிக்கிறது. கிளிப் கிடையாது, திருகு கிடையாது, பசை கிடையாது. ரப்பரின் பிடி ஒன்றுதான் ஆதாரம். இப்போது அந்தக் குழாயை நீங்கள் பிடித்து இழுக்கிறீர்கள். ரப்பர் நீள்கிறது. நீளும் ரப்பர் ஒல்லியாகும். நீளம் 10 விழுக்காடு கூடினால் குறுக்களவு ஏறக்குறைய 5 விழுக்காடு குறையும். அதாவது, எவ்வளவு பலமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு பலமாக அது மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தோட்டத்தில் லாஸ்டிக் செய்து விளையாடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை; கல்லை வைத்து இழுக்கும்போது ரப்பர் எப்படி நூலாக இளைக்கும் என்று கண்ணால் பார்த்திருக்கிறோம்.

திருப்பிச் செய்து பாருங்கள். குழாயின் வாய் விளிம்பைப் பின்னாலிருந்து தள்ளுங்கள். நீளம் சுருங்கும், குறுக்கே பருக்கும், பிடி தளரும். ஒரு விரல் நகம் போதும்.

பாடாங் செராய்ப் பக்கம் ஒரு தோட்டப்பள்ளியில் இதைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, குழுவிலேயே சிறிய உருவம், சிலிண்டரை இடது உள்ளங்கையில் படுக்க வைத்தாள். குழாயைத் தொடவே இல்லை. கட்டைவிரல் நகத்தை மூக்கின் அடியில், குழாயின் வாய் முடியும் இடத்தில் வைத்து, மேல்நோக்கி ஒரு நெம்பு நெம்பினாள். வாயின் ஒரு ஓரம் சின்னதாக மடங்கி மேலே வந்தது. சிலிண்டரைக் கொஞ்சம் திருப்பி எதிர் ஓரத்தில் அதையே செய்தாள். மறுபடி முதல் ஓரம். குழாய் தானாக மேலே ஊர்ந்து வந்து கழன்று மேசையில் விழுந்தது. அதுவரை இழுத்து இழுத்து முகம் சிவந்துபோயிருந்த பையன், “எப்படி அங்கிள்?” என்று என்னைக் கேட்டான். அவளைக் கேட்கச் சொன்னேன். அவள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

நகம் கொடுக்க முடியாத இடங்களும் உண்டு. அதற்கு ஒரு கருவி செய்துகொள்ளலாம். ஐஸ்கிரீம் குச்சி ஒன்றை எடுத்து, அதன் நுனியில் மூன்றரை மி.மீ. அகலத்துக்கு ஒரு பள்ளம் வெட்டுங்கள். மூக்கு அதற்குள் நுழையும்; 4 மி.மீ. குழாய் நுழையாது. மூக்கின் அடியில் குச்சியைச் செருகி நெம்பினால், குழாயின் வாயை வட்டமாகச் சேர்த்துப் பின்னாலிருந்து தள்ளும். ஆர்பிடி எனும் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் பிள்ளைகளையே இதைச் செய்யச் சொல்லலாம். சொந்தக் கருவி கையில் இருந்தால் பிள்ளைக்கு வேலையில் தனி மரியாதை வந்துவிடும்.

கழற்றும் முன் செய்ய வேண்டியது இரண்டு. தொட்டியிலும் குழாயிலும் அடைபட்ட காற்றை வால்வைத் திருப்பி வெளியே விட வேண்டும். முள் சுழிக்கு வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். இந்தச் சின்ன அழுத்தத்தில் பெரிய ஆபத்து இல்லை என்றாலும் பழக்கம் இங்கேதான் தொடங்க வேண்டும்; குனிந்து முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு கழற்ற விடாதீர்கள். இரண்டாவது, மாதக்கணக்கில் மாட்டியே கிடந்த குழாய் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை முதலில் அச்சிலேயே மெல்ல ஒரு பக்கமும் மறுபக்கமும் முறுக்கி, ஒட்டை விடுவிக்க வேண்டும். முறுக்கும்போது மறுகை பிடிக்க வேண்டியது சிலிண்டரின் உடலை அல்ல, மூக்கு முளைக்கும் அடிப்பகுதியை. மூக்கு உடைவதெல்லாம் பக்கவாட்டில் வளைவதால்தான். மூன்று பக்கம் குழாய் ஏறும் ‘டி’ இணைப்பும் அப்படியே. அதன் எந்தக் கையிலிருந்து குழாயைக் கழற்றுகிறோமோ அந்தக் கையையே பிடிக்க வேண்டும். எதிர்க் கைகளைப் பிடித்துக்கொண்டு முறுக்கினால் நடுவில் முறிந்துவிடும்.

அப்படியும் வராவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை இணைப்பில் சுற்றிக் கொஞ்ச நேரம் விடுங்கள். கொதிநீர் வேண்டாம், லெகோ துண்டுகளை 40 டிகிரிக்கு மேல் சூடான நீரில் கழுவ வேண்டாம் என்பது அந்த நிறுவனமே சொல்வது. சிலிண்டரைத் தண்ணீரில் முக்கவும் கூடாது. உள்ளே தண்டு வழுக்குவதற்காக இருக்கும் மசகு போய்விடும். எதற்கும் மசியாத குழாயை வெட்டிவிடுங்கள். குழாய் மலிவு, சிலிண்டர் மலிவில்லை. ஆனால் மூக்கின் மேலேயே பிளேடை வைத்துக் கீறாதீர்கள். மூக்கில் விழும் ஒரு கீறல் பிறகு எந்தக் குழாயைப் போட்டாலும் கசியும். மூக்கு நுனிக்கு அப்பால் வெட்டி, மிஞ்சியதை நகத்தால் சுருட்டி எடுங்கள்.

மாட்டுவது இதைவிடச் சுலபம். பிள்ளைகள் செய்யும் ஒரே பிழை, குழாயைத் தூரத்தில் பிடிப்பது. அப்படிப் பிடித்துத் தள்ளினால் அது நடுவில் வளையுமே தவிர ஏறாது. வாயிலிருந்து நாலைந்து மி.மீ. விட்டு, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடிக்க வேண்டும். மூக்கை ஒரு சொட்டுத் தண்ணீரால் நனைக்க வேண்டும். குழாயைச் சாய்த்து, வாயின் கீழ் உதட்டை முதலில் மூக்கு நுனியில் கொளுவி, பிறகு நிமிர்த்தி, சின்ன முறுக்கோடு அமுக்கினால் ஏறிவிடும். தண்ணீர் பிறகு உலர்ந்து பிடி திரும்பிவிடும். எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். வீட்டில் எது இறுகினாலும் தேங்காய் எண்ணெயை எடுக்கிற கை நமக்கு. ஆனால் எண்ணெய் பட்ட இயற்கை ரப்பர் ஊறிப் பருத்து வலுவிழந்துவிடும். அன்றைக்குச் சுலபமாக ஏறிய குழாய் அடுத்த மாதம் தானே நழுவும்.

இன்னொன்று: முழு மாதிரியையும் கட்டி முடித்துவிட்டு, இரும்புக்கூடு போல நெருங்கிக் கிடக்கும் துண்டுகளுக்கு நடுவே விரலை நுழைத்துக் குழாய் மாட்டப் பார்க்கிறார்கள். செய்முறைப் புத்தகம் எந்தப் படியில் குழாயைக் காட்டுகிறதோ அந்தப் படியிலேயே மாட்டிவிட வேண்டும். அதற்குத்தான் ஒவ்வொரு குழாயின் நீளமும் அங்கே குறிக்கப்பட்டிருக்கிறது.

குழாய் கழன்றுவிடுமோ என்ற பயத்தில் பசை போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். 2 பார் அழுத்தத்தில், 3 மி.மீ. மூக்கிலிருந்து குழாயைக் கழற்றப் பார்க்கும் காற்றின் விசை 150 கிராம் எடைக்கும் குறைவு. நன்றாக ஏறி உட்கார்ந்த குழாய்க்கு அது ஒரு பொருட்டே இல்லை. கழன்றால் வாய் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம்; நுனியில் மூன்று மி.மீ. நேராக வெட்டி எறிந்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

அந்த வாய் ஏன் கிழிகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் அது அவர்கள் குடும்பத்துக் கதை. நம் பிள்ளைகளின் பாட்டிமார்களும் தாத்தாமார்களும் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய்ப் பால் வெட்டியவர்கள். மங்கில் வடிந்த பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மற்றது பெரும்பாலும் தண்ணீர். பால் ஸ்டோரில் அமிலம் ஊற்றி உறையவைத்தால் கட்டிப்பால். அமோனியா சேர்த்து, இயந்திரத்தில் சுழற்றி 60 விழுக்காட்டுக்குச் செறிவாக்கினால் கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் பால். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் வித்தை 1839இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயருக்குக் கைகூடியதால்தான் ரப்பர் வெயிலில் இளகாமலும் குளிரில் நொறுங்காமலும் நிற்கிறது. இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்கு வருகிறது. மூக்கை இறுக்கிப் பிடிப்பது அந்தக் குணம்தான். பீடோங்கிலும் கூலிமிலும் பால்மரம் நின்ற பல இடங்கள் செம்பனையாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டன. ரப்பரின் குணத்தைக் கையால் அறிந்த தலைமுறை ஓய்ந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ள இந்த நாலு மி.மீ. குழாய் ஒரு வழி.

இயற்கை ரப்பருக்கு ஒரு பலவீனம் உண்டு. காற்றில் மிகச் சிறிதளவே இருக்கும் ஓசோன், இழுவையில் இருக்கும் ரப்பரைப் பிளக்கும். தளர்வாகக் கிடக்கும் ரப்பரில் இந்தப் பிளவு வராது. குழாயில் எப்போதும் இழுவையில் இருப்பது எந்த இடம்? மூக்கின்மேல் விரிந்து உட்கார்ந்திருக்கும் வாய். அதனால்தான் பழைய ரப்பர்க் குழாய்கள் எல்லாம் வாயில் முதலில் வெடிக்கின்றன. தவணை முடிந்து பெட்டியைக் கட்டும்போது மாதிரியை அப்படியே வைத்து மூடாமல், எல்லாக் குழாய்களையும் கழற்றித் தனியாக, இருட்டில், சுருட்டாமல் நீட்டி வைத்தால் ஆயுள் கூடும். பள்ளி அலுவலகத்தில் நகல் இயந்திரத்துக்குப் பக்கத்து அலமாரியில் வைக்காதீர்கள். அந்த இயந்திரங்கள் வேலை செய்யும்போது ஓசோனை வெளியிடக்கூடும். நம் ஊர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழேயும் வேண்டாம்.

குழாய் கெட்டுப்போனால் மீன் தொட்டிக் கடைக்கு ஓடுகிறார்கள். அங்கே கிடைக்கும் காற்றுக் குழாயின் உள் விட்டம் 4 மி.மீ.; நமக்கு வேண்டியது ஏறக்குறைய அதில் பாதி. உள் 2, வெளி 4 என்று கேட்டு சிலிக்கோன் குழாய் வாங்குங்கள். சிலிக்கோனை ஓசோன் தொடாது, வெயிலும் எளிதில் கெடுக்காது. ஆனால் நகம் ஆழமாகப் பட்டால் கிழிந்துவிடும். ஐஸ்கிரீம் குச்சிதான் அதற்குச் சரி.

அந்த மீன் தொட்டிக் குழாய்க்கு வேறு வேலை இருக்கிறது. லெகோ பெட்டியே இல்லாத பள்ளிகளுக்கு இதைச் சொல்கிறேன். ஊசி போடும் பிளாஸ்டிக் சிரிஞ்சின் நுனி உலகம் முழுக்க ஒரே அளவில் வருகிறது. 6 விழுக்காடு சரிவோடு, ஏறக்குறைய 4 மி.மீ. விட்டத்தில். அதனால் 4 மி.மீ. உள் விட்டமுள்ள மீன் தொட்டிக் குழாய் அதில் அளவெடுத்துத் தைத்தது போல உட்காரும். ஊசி இல்லாத இரண்டு புதுச் சிரிஞ்சு, ஒரு முழக் குழாய், கொஞ்சம் அட்டை இருந்தால் வாய் திறக்கும் முதலையும் கை மடக்கும் கிரேனும் செய்யலாம். 5 மில்லி சிரிஞ்சை அமுக்கி 20 மில்லி சிரிஞ்சைத் தூக்கச் சொல்லுங்கள். பிறகு குழாயில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நிரப்பிச் செய்யச் சொல்லுங்கள். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது என்பதைப் பிள்ளையின் கட்டைவிரல் சொல்லிவிடும். அறிவியல், தொழில்நுட்பப் புத்தாக்கச் சங்கம் தமிழ்ப்பள்ளிகளுக்கு நடத்தும் அறிவியல் விழாவுக்கு என்ன கொண்டுபோவது என்று தவிக்கும் சிறு தோட்டப்பள்ளிகள் இதை யோசிக்கலாம். குழாய் மாட்டும் கழற்றும் முறை இதற்கும் அதேதான்.

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறந்தது. இன்று இன்டெல், இன்ஃபினியோன், ஃபர்ஸ்ட் சோலார் என்று உலகப் பெயர்கள் அங்கே இருக்கின்றன. உங்கள் பிள்ளைகளில் பலரின் அப்பாவோ அம்மாவோ காலை ஷிஃப்டுக்குப் பேருந்தில் அங்கே போகிறவர்கள். இதுபோன்ற எந்தத் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தாலும் இயந்திரங்களின் முதுகில் நீலமும் கறுப்புமாக 4, 6, 8 மி.மீ. குழாய்கள் கொத்துக் கொத்தாக ஓடும். காற்றுதான் பல கைகளை ஆட்டுகிறது. அந்தக் குழாய்கள் பாலியூரித்தேன். அழுத்தம் பெரும்பாலும் 6 பார் சுற்றில். அவை ஒரு வளைய இணைப்பில் நுழையும். உள்ளே எஃகுப் பற்கள் பிடித்துக்கொள்ளும். வேலைக்குப் புதிதாக வரும் பையன்களும் பெண்களும் முதல் வாரம் செய்வது என்ன தெரியுமா? குழாயைப் பிடித்து இழுப்பார்கள். இழுக்க இழுக்கப் பற்கள் குழாயில் இன்னும் ஆழமாக இறங்கும். செய்ய வேண்டியது, குழாயைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, வளையத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பிறகு வெளியே எடுப்பது. எடுத்த நுனியில் பல் பட்ட தடம் இருந்தால் அந்தத் துண்டை நேராக வெட்டிவிட்டு மாட்டுவது. அதற்கும் முன்னால் அழுத்தத்தை இறக்குவது. 8 மி.மீ. குழாயை 6 பார் காற்று வெளியே தள்ளும் விசை 3 கிலோ. அழுத்தத்தோடு கழன்ற குழாய் சாட்டை மாதிரி அடிக்கும், முகத்தில் பட்டால் கண் போகும்.

ஜித்ராவில் போலிமாஸ், கூலிமில் துவாங்கு சுல்தானா பாஹியா என்று கெடாவிலேயே இரண்டு போலிடெக்னிக் கல்லூரிகள் இருக்கின்றன. காற்றழுத்தம் படிக்கும் மாணவர்கள் பயிற்சி மேசையில் செய்வது இதே வேலைதான்: வால்வு, சிலிண்டர், குழாய். ஏழு வருடம் முன்பே தோட்டப்பள்ளியில் அதைக் கையால் தொட்ட பிள்ளை அங்கே போய் நிற்கும்போது மிரளாது. அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால், பராமரிப்புப் பிரிவில் வேலை கேட்கத் தயங்காது. என் பிரிவில் பெண்கள் மிகக் குறைவு. வேலை கடினம் என்பதால் அல்ல. சின்ன வயதில் யாரோ அவர்கள் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டார்கள் என்றே நான் நம்புகிறேன்.

ஆகவே, அடுத்த சனிக்கிழமை பெட்டியைத் திறங்கள். மாதிரி எதையும் கட்ட வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இணைப்பும் இரண்டு துண்டுக் குழாயும் கொடுத்து, மாட்டவும் கழற்றவும் மட்டும் விடுங்கள். பிள்ளை தடுமாறும்போது கையை நீட்டி வாங்கிவிடாதீர்கள். எந்த இடத்தில் தள்ள வேண்டும் என்று விரலால் காட்டுங்கள். வேகமாகச் செய்பவருக்குப் பரிசு என்று போட்டி வைக்காதீர்கள், அது மறுபடி இழுக்கத்தான் வைக்கும்.

மூக்கு உடைந்த சிலிண்டர்கள் அலமாரியில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். இரண்டு மூக்கில் ஒன்று உடைந்து திறந்தபடி நின்றாலும் மற்றது வேலை செய்யும். காற்று ஒரு பக்கம் தள்ளும். ஒரு ரப்பர் வளையத்தைக் கட்டிவிட்டால் அது திரும்ப இழுக்கும். தானே மூடிக்கொள்ளும் கதவு செய்ய அது போதும். உங்களுக்கு வசதிப்படும் ஒரு சனிக்கிழமை சொல்லி அனுப்பினால், குச்சிகளை வெட்டிக் கொண்டு நானும் வருகிறேன்.

அன்புடன்,
கூலிமிலிருந்து ஒரு பராமரிப்புத் தொழிலாளி